ஞாயிற்றுக்கிழமை அரை மணித்தியாலம்: குடும்பமாகப் புலமைப்பரிசில் தேடுதல்

(சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாக, உயர்தர வகுப்பு மாணவியருக்கும் பெற்றோருக்கும் கல்லூரி மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் முதலில் கேட்டது நீரிழிவைப் பற்றி ஒரு பேச்சு. வைத்தியரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவு, இல்லாவிட்டால் இரத்த அழுத்தம் என்பது ஊர் வழமை. பேச்சு முடிந்ததும் தேநீரோடு என்ன தருவார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆகவே தலைப்பை மாற்றித் தரும்படி கேட்டோம். பிள்ளைகளின் மேற்படிப்புக்கு உதவிப் பணம் எங்கே இருக்கிறது, அதை நேரமில்லாத ஒரு வீடு எப்படித் தேடலாம் என்பதைப் பேச விரும்பினோம். இதில் நாங்கள் நிபுணர்கள் அல்ல. ஒரு தரம் பிழை விட்டவர்கள், அவ்வளவுதான்.

"நாங்கள்" என்று சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. மேடையில் நிற்பவர் ஒருவர் என்றாலும் தேடியது ஐந்து பேர். வைத்தியசாலையில் வேலை செய்யும் ஒருவர், கிழமை நாட்களில் கொழும்பில் வேலை பார்த்து வெள்ளி இரவு ரயிலில் வரும் அவருடைய கணவர், எழுபத்தெட்டு வயது அப்பம்மா, சாதாரணதரம் படிக்கும் மகள், பெறாமகள். "நான்" என்று பேசிவிட்டு வீட்டுக்குப் போனால் நால்வரிடமும் பேச்சு வாங்க வேண்டி வரும்.

எங்கள் காலத்தில் தேடல் என்று ஒன்று இருக்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, உயர்தர வகுப்பில் இருந்த எங்களில் பலர் கொண்டுபோனது இரண்டு சட்டையும் ஒரு பொலித்தீன் பையும்தான். அந்தப் பைக்குள் பிறப்புச் சான்றிதழும் சாதாரணதரப் பெறுபேறும் இருந்தன. வேறு எதையும் காப்பாற்றத் தெரியாத எங்கள் அம்மாமாருக்கு அதை மட்டும் காப்பாற்றத் தெரிந்திருந்தது. பிறகு ஒருவாறு பரீட்சை எழுதி, பல்கலைக்கழகம் போனபோது, மகாபொலப் பட்டியல் அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டது. பெயர் இருந்தால் சந்தோஷம், இல்லாவிட்டால் பேர்சரி. அதற்கு மேல் கேட்க ஆளும் இல்லை, கேட்கலாம் என்ற எண்ணமும் இல்லை. எங்கள் வீட்டில் கணவன் மனைவி இருவருமே மகாபொலக் காசில் படித்தவர்கள். அது வரும் நாள் விடுதிச் சாப்பாட்டுக் கடனை அடைக்கும் நாள்.

இந்த நாட்டில் 1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வி பல்கலைக்கழகப் படிப்பு வரை கட்டணத்தை எடுத்துவிட்டது. ஆனால் கட்டணம் இல்லை என்பதும் செலவு இல்லை என்பதும் ஒன்றல்ல. விடுதி, சாப்பாடு, பஸ், போட்டோ கொப்பி, இப்போது மடிக்கணினி, இன்டர்நெட் டேட்டா. லலித் அத்துலத்முதலி அமைச்சராக இருந்த காலத்தில், 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தால் மகாபொல நம்பிக்கை நிதியம் உருவானது அந்த இடைவெளிக்காகத்தான். அந்த இடைவெளி இன்று எங்கள் காலத்தை விடப் பெரிது. ஆனால் அதை நிரப்பும் வழிகளும் கூடியிருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், அவை ஒரே பலகையில் ஒட்டப்படுவதில்லை.

இனி எங்கள் பிழையைச் சொல்கிறோம்.

எங்கள் பெறாமகள் கணிதப் பிரிவில் படித்தவள். தகப்பன் இல்லை. தாய் கிளிநொச்சியில் இரண்டு ஏக்கர் வயலும் நான்கு மாடுமாக இருக்கிறார். பிள்ளை சின்ன வயதிலிருந்து இங்கே அப்பம்மாவோடு நின்று, இந்தக் கல்லூரியில்தான் படித்தாள். உயர்தரப் பெறுபேறு நல்லாய் வந்தது. அந்த நாட்களில் ஒரு வெளிநாட்டு அரசு இளமாணிப் படிப்புக்குத் தரும் முழுப் புலமைப்பரிசில் பற்றிய அறிவித்தல் பத்திரிகையில் வந்தது. படிப்பு, தங்குமிடம், விமானச் சீட்டு எல்லாம் அதில் அடக்கம். அவளுக்கு எல்லாத் தகைமையும் இருந்தது.

அதை முதலில் கண்டவர் அப்பம்மா. வீரகேசரியோ தினக்குரலோ உதயனோ எது வந்தாலும் மரண அறிவித்தல் முதல் கேள்விக்கோரல் வரை வாசிப்பவர் அவர். கத்தரித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்தார். கணவர் அதைப் போனில் படம் பிடித்துக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டார். அன்று கனடாவில் ஒரு பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாள். வாழ்த்துகளுக்கும் கேக் படங்களுக்கும் அடியில் அது போய்விட்டது. வீட்டு வைத்தியருக்கு அந்தக் கிழமை இரவுக் கடமை. காலையில் வந்து படுத்து, பின்னேரம் எழும்பி, சமைத்து, மறுபடி ஓடுவது. பெறாமகள் அதைக் கண்டாள், வாசித்தாள். எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை.

முடிவுத் திகதி ஒரு புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அப்பம்மா ஏதோ நல்ல நேரம் பார்க்கப் பஞ்சாங்கத்தை விரித்தபோது துண்டு கீழே விழுந்தது.

"என்ன பிள்ளை, உதுக்குப் போட்டாச்சே?"

அப்போதுதான் ஒவ்வொருவராக வாயைத் திறந்தோம். கணவர், நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்று நினைத்திருந்தார். நாங்கள், அவர் படம் போட்டதால் மிச்சத்தையும் அவரே பார்ப்பார் என்று நினைத்திருந்தோம். பெறாமகளிடம் கேட்டபோது அவள் சொன்னது இது: "சித்தி, நீங்கள் ரெண்டு பேரும் களைச்சுப் போய் வாறியள். நான் வேற ஒரு வேலை தரவேண்டாம் எண்டு விட்டிட்டன். பரவாயில்லை."

அந்தப் "பரவாயில்லை"யோடு நாங்கள் பல இரவு நித்திரை கொள்ளவில்லை. எங்கள் வயிற்றில் பிறந்த பிள்ளை என்றால் அவள் சண்டை பிடித்திருப்பாள், கதவை அடித்துச் சாத்தியிருப்பாள். இவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். வீட்டில் படித்தவர்கள் இருவர், பத்திரிகை வாசிப்பவர் ஒருவர், ஆளுக்கொரு போன், எல்லாம் இருந்தும் அந்தப் பிள்ளைக்குத் தபால் உறை ஒன்று ஒட்டப்படவில்லை.

அன்று பின்னேரமே எண்பது பக்கக் கொப்பி ஒன்று எடுத்தோம். கோடு அடித்து ஐந்து நிரல் போட்டோம்: என்ன உதவி, யாருக்கு உரியது, முடிவுத் திகதி, என்னென்ன பத்திரம் வேண்டும், யார் பொறுப்பு. ஐந்தாவது நிரல்தான் முக்கியம். அதில் ஒருவருடைய பெயர்தான் வரலாம், இரண்டு பெயர் எழுதக்கூடாது. இரண்டு பேர் பொறுப்பு என்றால் ஒருவரும் பொறுப்பில்லை என்பதை வைத்தியசாலை வாட்டில் எத்தனையோ தரம் கண்டிருந்தும் எங்களுக்கு வீட்டில் அது உறைக்கவில்லை. கொம்பியூட்டரில் அழகாக அட்டவணை போடலாமே என்று மகள் கேட்டாள். போடலாம். ஆனால் அப்பம்மாவுக்குக் கொப்பிதான் கண்ணுக்குத் தெரியும், எங்கள் வீட்டில் மற்ற எல்லாரையும் விட நேரம் உள்ளவர் அவர்தான். கொப்பி சாப்பாட்டு மேசையில், உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் இருந்தது.

ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணித்தியாலம். கணவர் இரவு ரயிலுக்கு வெளிக்கிட முன், வைத்தியர் கடமையில் இல்லாத ஞாயிறுகளில். கடமை விழுந்தால் திங்கள் இரவு, கணவர் போனில். அரை மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம். பெறாமகள் ஒரு சட்டம் போட்டாள்: இந்த நேரத்தில் ஒருவரும் புள்ளிகளைப் பற்றியும் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றியும் கதைக்கக்கூடாது. பெற்றோரே, அந்தச் சட்டத்தைக் கடைப்பிடிப்பது எங்களுக்கு நீங்கள் நினைப்பதை விடக் கஷ்டமாக இருந்தது.

வேலையைப் பிரித்தோம். அப்பம்மா பத்திரிகை. மகள் இணையத்தளங்கள். பெறாமகள் விண்ணப்பங்களை எழுதுவது. கணவர் வங்கி, பிரதேச செயலகம், சான்றிதழ்கள். வைத்தியருக்குத் தரப்பட்டது ஆசிரியர்களிடமும் தெரிந்தவர்களிடமும் வாய் திறந்து கேட்பது. அது சின்ன வேலை போலத் தெரியும். எங்களுக்கு அதுதான் பெரிய வேலையாக இருந்தது, அதைப் பிறகு சொல்கிறோம்.

இனி, எங்கெங்கே என்ன இருக்கிறது என்று கொப்பியில் பார்த்துச் சொல்கிறோம். நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, மிகப் பக்கத்தில் உள்ளது. உயர்தரப் பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு கைநூலை வெளியிட்டு விண்ணப்பம் கோரும். எல்லோரும் இசட் புள்ளியையும் பாடநெறி ஒழுங்கையும்தான் பார்க்கிறோம். உதவிப் பணத்தைப் பற்றிய பகுதியை "பிறகு பார்ப்போம்" என்று தாண்டிவிடுகிறோம். மகாபொலவில் ஒரு சிறு பகுதி திறமைக்காக, பெரும் பகுதி குடும்ப வருமானம் பார்த்து. அது கிடைக்காதவர்களுக்குப் பேர்சரி இருக்கிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல மாதக் கொடுப்பனவை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்த முன்மொழிந்தார்கள். இன்றைய விலைவாசியில் அது ஒரு பிள்ளையின் மாதச் சாப்பாட்டுக்கே போதாது என்று நீங்கள் சொல்வீர்கள். சரிதான். ஆனால் நான்கு வருடம் மாதாமாதம் வரும் காசை வேண்டாம் என்று சொல்ல எங்களில் எத்தனை பேரால் முடியும்?

வருமானத்தை உள்ளபடி எழுதுங்கள். குறைத்து எழுதினால் ஒரு ஏழைப் பிள்ளையின் இடத்தை எடுக்கிறோம். ஆனால் எங்கள் ஊரில் அதை விடக் கூடுதலாக நடப்பது எதிர்ப்பக்கம்: கௌரவத்துக்காகக் கூட்டி எழுதுவது. எங்கள் பெறாமகள் முதலில் அந்தப் பகுதியில் சித்தப்பாவின் சம்பளத்தை எழுதப் பார்த்தாள். "நான் உங்களோடைதானே இருக்கிறன்" என்றாள். பாசத்தில் எழுதியது. ஆனால் அவளுடைய தாயின் வருமானம்தான் அவளுடைய குடும்ப வருமானம். கிளிநொச்சிக்குப் போய், அங்கே கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்தி, பிரதேச செயலகத்தில் கையொப்பம் வாங்க இரண்டு நாள் லீவு போனது. வேலைக்குப் போகும் குடும்பங்கள் ஒத்திப்போடுவது இந்த இரண்டு நாளைத்தான்.

அரச பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகளுக்கு, அரசு அங்கீகரித்த தனியார் நிறுவனங்களில் பட்டப்படிப்புப் படிக்க 2017 முதல் வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் ஒன்று இருக்கிறது. அது கடன், திருப்பிக் கட்டவேண்டும். அப்படியிருந்தும் நகையை அடைவு வைப்பதை விட ஆயிரம் மடங்கு மேல். தனியார் நிறுவனங்கள் தாங்களே "புலமைப்பரிசில்" என்று விளம்பரம் செய்வதில் மட்டும் கொஞ்சம் கவனம். கட்டணத்தில் நாலில் ஒரு பங்கு கழித்துத் தருவது புலமைப்பரிசில் அல்ல, அது கழிவு. கடைக்காரரும் தீபாவளிக்குத் தருகிறார். கழித்த பிறகு மிச்சம் எவ்வளவு, பரீட்சைக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் அதற்குள்ளா வெளியா, இரண்டாம் வருடமும் கழிப்பார்களா, ஒரு பாடம் தவறினால் என்ன என்று நான்கு கேள்வி கேளுங்கள். எழுத்தில் வாங்குங்கள்.

உயர்தரம் படிக்கும்போதே கிடைக்கக்கூடியவையும் உண்டு. ஜனாதிபதி நிதியம் உயர்தர மாணவருக்குப் புலமைப்பரிசில் வழங்கி வருகிறது. அதிபர் அலுவலகத்துக்கு வரும் சுற்றுநிருபங்களை வகுப்பாசிரியையிடம் கேட்கலாம். பிள்ளைகளே, கேளுங்கள். அறிவித்தல் பலகை என்பது கூட்டம் கலைந்த பிறகும் நின்று வாசிப்பதற்கு.

வெளிநாட்டுப் பக்கம் எங்களுக்கு மிக அண்மையில் இருப்பது இந்தியா. இளமாணிக்கு நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில், முதுமாணிக்கு மௌலானா அசாத், தகவல் தொழில்நுட்பத்துக்கு ராஜீவ் காந்தி என்ற பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கொழும்பில் உயர்ஸ்தானிகராலயம் மட்டும் என்றில்லை, 2010 முதல் யாழ்ப்பாணத்திலேயே துணைத்தூதரகம் இருக்கிறது. மலையகத்திலிருந்து வந்து இங்கே விடுதியில் படிக்கும் பிள்ளைகள் தனியாக ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும். தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்றே 1940களில் தொடங்கிய கல்வி நம்பிக்கை நிதியம் ஒன்று கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தின் ஊடாக இன்றும் உதவி வழங்குகிறது. ஜப்பான் அரசு 1954 முதல் வெளிநாட்டு மாணவருக்குப் புலமைப்பரிசில் தருகிறது, இளமாணிக்கும் உண்டு. சீன அரசினதும் உண்டு. இவற்றுக்கு உயர்கல்வி அமைச்சின் இணையத்தளத்தையும் அந்தந்தத் தூதரகத்தின் தளத்தையும் நேரே பாருங்கள். வட்ஸ்அப்பில் "உடனே பகிரவும்" என்று வருவதில் திகதி போன வருடத்தினதாக இருக்கும், அல்லது காசு கேட்பதாக இருக்கும். புலமைப்பரிசில் எடுத்துத் தருகிறோம், முதலில் ஐம்பதாயிரம் கட்டுங்கள் என்பவரிடம் மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். முழுச் செலவும் தரும் உதவிகள் இளமாணிப் படிப்புக்குக் குறைவு, முதுமாணிக்குத்தான் கூட. பொதுநலவாயப் புலமைப்பரிசில், பிரித்தானியாவின் செவ்னிங், அமெரிக்காவின் புல்பிரைட், அவுஸ்திரேலிய விருதுகள், ஐரோப்பிய ஒன்றியத்தின் இராஸ்மஸ் முண்டுஸ் எல்லாம் பட்டம் முடித்தவர்களுக்கு. செவ்னிங்குக்கு இரண்டு வருட வேலை அனுபவமும் வேண்டும். பத்தொன்பது வயதில் ஒரு கதவு மூடினால் கதை முடிந்துவிட்டது என்று அழும் பிள்ளைகளையும், அவர்களை விடக் கூட அழும் அம்மாமாரையும் எங்களுக்குத் தெரியும். இருபத்தைந்து வயதில் திறக்கும் கதவுகள் கூட.

பத்திரங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் தேடலில் பாதி நேரத்தைச் சாப்பிட்டது தகுதியோ கட்டுரையோ அல்ல, பெயர். எங்கள் பெறாமகளின் பெயர் ஆங்கிலத்தில் பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பில் ஒரு மாதிரி, பரீட்சைச் சான்றிதழில் ஒரு 'எச்' குறைவாக, தேசிய அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முன்னாலும், கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் பின்னாலும் இருந்தது. நாங்கள் தமிழில் ஒரே பெயர்தான் எழுதுகிறோம். ஆனால் ஆங்கிலத்தில் எழுதியவர் ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒவ்வொருவர். வெளிநாட்டில் இருந்து பார்ப்பவருக்கு அது நான்கு பிள்ளை. சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி ஒன்று முடித்து, எல்லாப் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று உறுதிப்படுத்தினோம். இன்று பின்னேரம் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையின் பத்திரங்களை மேசையில் பரப்பிப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை என்றாலும் இன்றைக்கே பாருங்கள், திருத்த அப்போதுதான் நேரம் இருக்கும்.

பிறப்புச் சான்றிதழுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பு, பரீட்சைத் திணைக்களத்தின் பெறுபேற்றுச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம், அதிபரின் நற்சான்றிதழ். இவற்றை ஒரு விண்ணப்பத்துக்கென்று எடுக்காமல் ஒரு தொகுதியாக எடுத்து வையுங்கள். வெளிவிவகார அமைச்சின் அத்தாட்சிக்கு இப்போது கொழும்புக்கு ஓடத் தேவையில்லை, யாழ்ப்பாணத்திலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது. மருத்துவச் சான்றிதழ் கேட்டிருந்தால், தயவுசெய்து கடைசி நாள் பின்னேரம் நாலு மணிக்கு வெளிநோயாளர் பிரிவுக்கு வராதீர்கள். நெஞ்சு எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் வைத்தியரின் கையொப்பம் போல ஒரு நிமிடத்தில் வராது. இதை எங்கள் தொழில் சார்பில் கேட்டுக்கொள்கிறோம்.

சிபாரிசுக் கடிதத்துக்கு ஆசிரியையிடம் மூன்று கிழமைக்கு முன் போங்கள். வெறுங்கையோடு போகாமல், பிள்ளை செய்தவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். நாற்பது பிள்ளைகளில் யார் விவாதத்தில் பேசினது, யார் சாரணியத்தில் இருந்தது என்று அவர் எப்படி நினைவில் வைத்திருப்பார்?

விண்ணப்பத்தில் "உன்னைப் பற்றி எழுது" என்று ஒரு பகுதி வரும். பெறாமகள் முதலில் எழுதியது எல்லாப் பிள்ளைகளும் எழுதுவது: சிறுவயது முதல் பொறியியலாளராக வர ஆசை, நாட்டுக்குச் சேவை செய்ய விருப்பம். ரொறன்ரோவில் இருக்கும் மாமா அதைத் திருத்தித் தருகிறேன் என்று வாங்கி, யாரோ கம்பனி முகாமையாளர் எழுதியது போல் ஆக்கி அனுப்பினார். அந்த ஞாயிறு அதை வாசித்தபோது அப்பம்மா, ஆங்கிலம் அரைகுறையாய் விளங்கினாலும், "இது எங்கட பிள்ளை இல்லை" என்றார். பிறகு கதைத்துக்கொண்டிருக்கையில் கிணற்றுக் கதை வந்தது. அப்பம்மாவின் வீடு சுன்னாகம் பக்கம். கிணற்று நீரில் எண்ணெய் கலந்த பிரச்சினை வந்த காலத்தில் இவள் சின்னப் பிள்ளை. பவுசரில் வரும் தண்ணீருக்கு வாளியோடு நின்றதும், கிணற்றில் அள்ளிய தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு அப்பம்மா வாழைக்குக்கூட ஊற்றாமல் யோசித்து நின்றதும் அவளுக்கு நினைவிருந்தது. யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை, எங்களுக்கு இருப்பது சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்கும் மழைத்தண்ணீர்தான். அதைத்தான் படிக்க விரும்புகிறேன் என்று எழுதினாள். மாமாவிடம் எழுத்துப்பிழை மட்டும் பார்க்கும்படி பணிவாகக் கேட்டோம். அவர் கொஞ்சம் கோபித்தார், பிறகு பார்த்துத் தந்தார்.

அந்தக் கொப்பியிலிருந்து அந்த வருடம் வெளிநாட்டுக்கு மூன்று விண்ணப்பம் போனது. ஒன்றுக்கு நேர்முகம் வரை போனாள். கிடைக்கவில்லை. எல்லாம் நல்லபடி முடிந்தது என்று உங்களிடம் கதை சொல்ல நாங்கள் வரவில்லை. தவறவிட்ட அந்த முதல் ஒன்று கிடைத்திருக்குமா என்று கேட்டால், அதைச் சொல்ல ஒருவராலும் முடியாது. அதனால்தான் அது இன்றும் எங்களுக்குக் குத்துகிறது.

அவளுக்குக் கிடைத்தது இது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம். அது கிளிநொச்சி அறிவியல் நகரில் இருப்பதால் தாயின் வீட்டிலிருந்தே போய்வருகிறாள். மகாபொல கிடைத்தது. தகப்பனின் ஊர் மக்கள் ஒன்றியம் வெளிநாட்டிலிருந்து மாதம் ஒரு தொகை அனுப்புகிறது. மடிக்கணினியை இந்தச் சங்கத்தின் கல்வி நிதி கொடுத்தது.

கடைசி இரண்டையும் கேட்டு வாங்கும் பொறுப்பு ஐந்தாவது நிரலில் வைத்தியரின் பெயரில் இருந்தது என்று சொன்னோம் அல்லவா. நான்கு ஞாயிறு அது செய்யப்படாமல் கிடந்தது. வேலை அதிகம் என்று சாட்டுச் சொன்னோம். உண்மை என்னவென்றால் வெட்கம். வைத்தியர் வீட்டுப் பிள்ளைக்கு உதவியா என்று ஊர் கேட்குமே என்ற பயம். ஐந்தாவது ஞாயிறு அப்பம்மா கொப்பியைத் திருப்பி வைத்துவிட்டு, "அவள் தன்ர கூச்சத்தில ஒண்டை விட்டாள். நீங்கள் உங்கட கூச்சத்தில இன்னொண்டை விடப்போறியளோ?" என்று கேட்டார். அடுத்த நாளே சங்கச் செயலாளருக்குத் தொலைபேசி எடுத்தோம். அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஏன் உதை முதலே சொல்லேல்லை?"

சங்கத்து நிர்வாகத்தில் இருக்கும் அக்காமாருக்கும் இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். நிதி இருப்பது அதை நிர்வகிப்பவர்களுக்குத் தெரிகிறது, தேவை இருப்பது வகுப்பாசிரியைக்குத் தெரிகிறது. இருவரும் வருடத்தில் ஒரு தரம் பரிசளிப்பு விழாவில்தான் சந்திக்கிறார்கள். விண்ணப்பப் படிவத்தை ஒரு பக்கத்துக்குள் சுருக்கி, வகுப்பாசிரியையின் மேசையிலேயே வைத்தால் என்ன? மேடையில் பெயர் கூப்பிட்டுக் காசோலை கொடுத்துப் படம் எடுப்பதையும் விட்டுவிடலாம். அந்தப் படத்துக்குப் பயந்தே விண்ணப்பிக்காத இரண்டு பிள்ளைகளை எங்களுக்குத் தெரியும்.

இப்போது எங்கள் வீட்டுக் கொப்பி இரண்டாவது. எங்கள் வாட்டில் வேலை செய்யும் ஒரு சுகாதார உதவியாளரின் மகள் தொழில்நுட்பப் பிரிவில் படிக்கிறாள். தாய்க்கு மாறி மாறி இரவுக் கடமை. அந்தப் பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம், ஞாயிறுகளில் அவளும் வருகிறாள். பெறாமகள் விடுமுறையில் வந்தால் அந்தப் பக்கத்தை அவள்தான் பார்க்கிறாள். முதுமாணிக்கு எங்கே போகலாம் என்று தன் பக்கத்தையும் இப்போதே தொடங்கிவிட்டாள்.

பேச்சு இதோடு போதும். தேநீருக்குப் பிறகு நூலகத்தில் நான்கு மேசை போட்டிருக்கிறோம். முதலாவது மேசையில் பல்கலைக்கழக அனுமதிக் கைநூலும் மகாபொல, பேர்சரி விபரமும். இரண்டாவதில் வெளிநாட்டுத் தூதரக அறிவித்தல்கள். மூன்றாவதில் எங்கள் வகுப்புத் தோழி ஒருவர், சட்டத்தரணி, பெயர் வித்தியாசம் உள்ளவர்களின் பத்திரங்களைப் பார்த்து என்ன செய்யலாம் என்று சொல்வார். நாலாவதில் எண்பது பக்கக் கொப்பிகள், கோடு அடித்தபடி, வீட்டுக்கு ஒன்று. அந்த மேசையில் இருப்பவர் எங்கள் அப்பம்மா. கத்தரிக்கோலும் போன ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளும் கொண்டு வந்திருக்கிறார். அவரோடு கதைக்கும்போது கொஞ்சம் சத்தமாகக் கதையுங்கள்.